எட்டுக் கழிப்பறைகள் உள்ள பள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு கழிப்பறைகளை இறக்கினார்கள். நீல நிற பிளாஸ்டிக். இரண்டுக்கும் கதவு இருந்தது. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளும் இருந்தது.

அறிவியல் டீச்சர் அப்போது எட்டாம் வகுப்பில் சிறுநீரகம் நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் வலது சிறுநீரகம் வரைந்தாகிவிட்டது. இடது பாக்கி. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். வகுப்பு மொத்தமும் அவர் பின்னால் வந்து நின்றது.

அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு கழிப்பறை உண்டு. இரண்டு மழைக்காலங்களுக்கு முன்னால் அதன் கூரை விழுந்தது. தலைமையாசிரியர் உடனே நடவடிக்கை எடுத்தார். ‘அபாயம், உள்ளே செல்லாதீர்’ என்று எழுதிய பலகையை அதன் வாசலில் மாட்டினார். அன்றிலிருந்து பையன்கள் பின்சுவருக்குப் போகிறார்கள். பெண் ஆசிரியர்கள் இரண்டு பேரும் மதிய இடைவேளையில் எதிர்த்தெருத் தையல்கார அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். மாணவிகள் முப்பத்தொரு பேர். அத்தனை பேரை ஒரு வீடு தாங்காது. அதனால் அவர்கள் எங்கும் போவதில்லை. தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

இப்படித் தண்ணீரை விட்டதில் முதல் மாணவி எட்டாம் வகுப்பு முதல் பெஞ்சில் இருந்தாள். காலை எட்டரைக்கு வீட்டில் வாயை மூடினால் மாலை ஐந்துக்குத்தான் திறப்பாள். பாலைவன விலங்குகள் பாடம் நடந்த அன்று பையன்கள் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடத்தில் இரண்டு முறை அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. அவளுடைய அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. டீச்சரிடம் வந்து நேராகவே கேட்டார்.

“டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்றாரு. உங்க பள்ளிக்கூடம் குடிக்காதேங்குது. நான் யார் பேச்சைக் கேக்கட்டும் டீச்சர்? இன்னொரு தடவை காய்ச்சல் வந்துச்சுன்னா நிறுத்திடுவேன். படிப்பு போனா போகட்டும். கிட்னி போனா எவன் குடுப்பான்?”

ஆகவே டீச்சர் மைதானத்துக்கு இறங்கி ஓடினார்.

“அண்ணே, இது எங்களுக்கா?”

“ஓட்டுக்கு மேடம்” என்றார் லாரிக்காரர்.

“ஓட்டு ஞாயித்துக்கிழமைதானே?”

“ஆமா. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குறதுக்குள்ள எடுத்துடுவோம். புள்ளைங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இருக்காது.”

அது வார்டு உறுப்பினருக்கான தேர்தல். அந்தப் பள்ளிதான் வாக்குச்சாவடி. கழிப்பறையோடு தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, பலகையால் செய்த சாய்தளம் எல்லாம் வந்தன. வாக்குச்சாவடிக்கு இவை குறைந்தபட்ச வசதிகள். பள்ளிக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கும் தேர்தல் பணி. வாக்காளர் விரலில் மை வைக்கும் வேலை. காலை பத்து மணிக்கு அவர் நீலக் கழிப்பறைக்குப் போனார். பழைய கூரை விழுந்த பிறகு, பணியிடத்தில், முதல் முறை. தேவைக்கு மேல் மூன்று நிமிடம் உள்ளேயே நின்றார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை மைதானத்தில் இரண்டு சதுரத் தடங்கள் மட்டும் இருந்தன. வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்த ஒட்டகம் அவற்றின் அருகே நின்றுகொண்டிருந்தாள்.

“டீச்சர், இங்க என்ன இருந்துச்சு?”

“தேர்தல்” என்றார் டீச்சர்.

அன்று மாலையே தேர்தல் பிரிவு அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி. சுவரில் ‘தேர்தல்களின் வகைகளை அறிவோம்’ என்று ஒரு பெரிய படம். அதன் கீழே உதவித் தேர்தல் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் யாராவது வந்து சந்தேகம் கேட்பார்கள் என்று பதினொரு வருடமாகக் காத்திருந்தவர் அவர். டீச்சரைப் பார்த்ததும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

“ரெண்டு நாள் விட்டு வெச்சிருந்தா பொண்ணுங்க யூஸ் பண்ணிருப்பாங்க சார்” என்றார் டீச்சர்.

“அருமையான கேள்வி. ஜனநாயகத்துல ராஜா யாரு மேடம்?”

“வாக்காளர்.”

“கரெக்ட். ராஜாவுக்கு அவசரம்னா நாம ஏற்பாடு பண்ணணும். அது சட்டம். உங்க பொண்ணுங்களுக்கு என்ன வயசு?”

“பதிமூணு.”

“பாருங்க, இன்னும் ராஜா ஆகலை. அவங்க அவசரத்துக்குச் சட்டத்துல இடமில்லை. அதே பொண்ணு பதினெட்டு முடிச்சு வரட்டும். சாய்தளம் போட்டு, விசிறி போட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். மாலை ஆறு மணி வரைக்கும்.”

“ஆறு மணிக்கு மேல?”

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். “ஆறு மணிக்கு மேல ராஜா என்ன பண்ணுவார்னு இதுல இல்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கையேட்டில் உண்மையிலேயே இல்லை.

மறுநாள் வாக்குகளை எண்ணியபோது இயந்திரத்தில் எழுநூற்றுப் பதின்மூன்று இருந்தது. பதிவேட்டில் எழுநூற்றுப் பன்னிரண்டு. ஒரு வாக்கு கூடுதல். வியாழக்கிழமை மறுவாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். லாரி புதன்கிழமையே திரும்பி வந்தது. டீச்சருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. புதனும் வியாழனும் பள்ளி நாட்கள்.

புதன் காலை பள்ளி வாசலில் துப்பாக்கியுடன் காவலர் நின்றார். பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை. கழிப்பறைக் கதவுகளில் அரக்கு முத்திரை. விடுமுறை என்று தெரியாமல் வந்த நான்கைந்து பெண்கள் கேட்டின் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணே, ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறோம்” என்றாள் ஒருத்தி.

“வாக்காளரா?”

“எட்டாம் வகுப்பு.”

“அஞ்சு வருஷம் கழிச்சு வா.”

“அதுவரைக்கும் அடக்கிட்டு இருக்கணுமா அண்ணே?”

காவலர் வானத்தைப் பார்த்தார். வானத்தைப் பாதுகாப்பதும் அவர் பொறுப்பு போல.

மறுவாக்குப்பதிவில் வென்றவர் பக்கத்து வார்டிலும் நின்று வென்றிருந்தார். அவருக்கு அந்த வார்டு பிடித்திருந்தது. இதை விட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து இடைத்தேர்தல் வந்தது. கழிப்பறைகளும் வந்தன. அன்று காலை ஏழு மணிக்கு, இயந்திரத்தில் ஒட்டியிருந்த வாக்குச்சீட்டில் இரண்டு வேட்பாளர்களின் படங்கள் இடம் மாறியிருப்பதை ஒரு வேட்பாளரின் மனைவி கண்டுபிடித்தார். தேர்தலை ஒத்திவைத்தார்கள். கழிப்பறைகள் போயின. இரண்டு வாரம் கழித்து ஒத்திவைத்த தேர்தல் நடந்தது. கழிப்பறைகள் வந்தன. நடந்து முடிந்தது. கழிப்பறைகள் போயின.

இதற்குள் டீச்சர் செய்முறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். முதல் பத்தியில் தேர்தலின் வகை. இரண்டாவதில் கழிப்பறை மைதானத்தில் இருந்த நாட்கள். மூன்றாவதில் அந்த நாட்களில் மாணவிகள் பள்ளியில் இருந்த நாட்கள். சாதாரணத் தேர்தல், மூன்று, பூஜ்யம். மறுவாக்குப்பதிவு, இரண்டு, பூஜ்யம். ஒத்திவைத்தது, இரண்டு, பூஜ்யம். இடைத்தேர்தல், இரண்டு, பூஜ்யம். நகரமன்றத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் ஒன்றும் உண்டு என்று அதிகாரி சொல்லியிருந்தார். அது மன்ற அரங்கில் நடக்கும். வாக்காளர்கள் பன்னிரண்டு பேர், அரங்கில் கழிப்பறைகள் ஆறு. அந்த வரியை எழுதும்போது டீச்சரின் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

இடைத்தேர்தலில் வென்ற கவுன்சிலர் நன்றி சொல்ல வந்தார்.

“டீச்சர், என்னோட முதல் கையெழுத்து உங்க பாத்ரூமுக்குத்தான். எழுதிக் குடுங்க.”

டீச்சர் எழுதிக் கொடுத்தார். முப்பது நாளில் பதில் வந்தது. கோரிக்கை நிராகரிப்பு. காரணம்: மேற்படி பள்ளியில் ஏற்கெனவே எட்டுக் கழிப்பறைகள் உள்ளன.

மூன்றாவது மாடியில் அதிகாரி பதிவேட்டைத் திறந்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார். “சாதாரணத் தேர்தலுக்கு ரெண்டு. மறுவாக்குப்பதிவுக்கு ரெண்டு. ஒத்திவைச்சதுக்கு ரெண்டு. இடைத்தேர்தலுக்கு ரெண்டு. மொத்தம் எட்டு. கூட்டல் சரியா இருக்கா பாருங்க மேடம், நீங்க சயின்ஸ் ஆளு.”

“கூட்டல் சரி சார். ஆனா ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுப் போயிட்டீங்களே!”

“வழங்கினதுக்குத்தான் பதிவேடு. எடுத்துட்டுப் போறதை எழுத இதுல இடமே கிடையாது.”

“கண்ணால வந்து பாருங்க சார். வெறும் மண்ணுதான் இருக்கு.”

“கண்ணால பார்த்ததை நான் எங்க எழுதுறது?” என்றார் அவர், நிஜமான வருத்தத்துடன். பிறகு முகம் மலர்ந்தது. “நாலு மாணவிக்கு ஒரு கழிப்பறை. இந்த வட்டாரத்துலயே நீங்கதான் முதலிடம்.”

மறுவாரம் பள்ளிக்கு ‘சுகாதாரத்தில் முன்மாதிரி’ என்று ஒரு சான்றிதழ் வந்தது. தலைமையாசிரியர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். மாட்டும்போது டீச்சர் பக்கம் திரும்பவில்லை.

“எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ், அம்மா” என்றார் சுவரைப் பார்த்தபடி.

அந்த மாதமே ஒட்டகத்துக்கு மூன்றாவது முறை காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்து அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்.

“எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறீங்க?”

“எதுலயும் இல்ல. எங்க கம்பெனிக்கு எதிர்ல ஒரு வீட்டுல குழந்தையைப் பாத்துக்க ஆள் கேக்குறாங்க. அந்த வீட்டுல பாத்ரூம் இருக்கு.”

டீச்சருக்குச் சட்டென்று வாயில் வந்தது. “அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க அக்கா. அன்னைக்குக் கழிப்பறை வரும். பிள்ளைங்களும் இருப்பாங்க. ஒரு தடவை அப்படி நடந்துடுச்சுன்னா அதைக் காட்டியே நான் கேப்பேன்.”

அம்மா ஒத்துக்கொண்டு போன பிறகுதான் டீச்சர் யோசித்தார். அட்டவணையின் மூன்றாவது பத்தியில் பூஜ்யம் விழாத ஒரே தேர்தல், மாணவர்களே வாக்களிக்கும் தேர்தல். ‘வருங்கால வாக்காளர்’ என்று அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. பள்ளியில் மாதிரித் தேர்தல் நடத்தலாம். வாக்குச்சாவடிக்கு உண்டான அனைத்து வசதிகளோடும் நடத்த வேண்டும் என்று சுற்றறிக்கையிலேயே இருந்தது. டீச்சர் அந்த வரியின் கீழ் கோடு போட்டு விண்ணப்பத்தோடு இணைத்தார். அதிகாரியின் கண்கள் கலங்கின. பதினொரு வருடத்தில் இந்தத் திட்டத்துக்கு வந்த முதல் விண்ணப்பம் அது.

புதன்கிழமை மாலை டீச்சர் ஒட்டகத்தைக் கூப்பிட்டார்.

“நாளைக்குத் தண்ணி குடிச்சுட்டு வா.”

“நிஜமாவா டீச்சர்?”

“நிஜமா. வயிறு நிறைய.”

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரி வரவில்லை. ஜீப் வந்தது. அதிகாரியும் உதவியாளர் ஒருவரும் இறங்கினார்கள். உதவியாளர் கக்கத்தில் ஒரு சுருள் இருந்தது. அதைப் பிரித்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஆறடி உயர பேனர். அதில் நீலக் கழிப்பறையின் படம். கதவு பாதி திறந்திருந்தது. மேலே ‘பெண்கள்’ என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் படம். அதற்கும் பக்கத்தில் சாய்தளத்தின் படம்.

“சார், கழிப்பறை?”

“இதோ!” என்றார் அதிகாரி. “மாதிரி வாக்குச்சாவடிக்கு மாதிரி வசதிகள். நிஜத்தைக் கொண்டுவந்தா நிஜத் தேர்தல் ஆயிடும் மேடம். அப்புறம் முடிவை அறிவிக்கணும். படம் தெளிவா இருக்கு பாருங்க. கலர் பிரிண்ட்.”

மாணவர்களை மைதானத்தில் இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

“வருங்கால ராஜாக்களே! தேர்தல் எத்தனை வகைப்படும்? பொதுத்தேர்தல். உள்ளாட்சித் தேர்தல். உள்ளாட்சியிலேயே நேரடி, மறைமுகம். இடைத்தேர்தல். மறுவாக்குப்பதிவு. போட்டியில்லாமல் தேர்வாவது. இதில் எந்தத் தேர்தல் சிறந்தது? எல்லாமே சிறந்ததுதான்! ஏன்? ஒரு தேர்தல் முடிந்தால் இன்னொன்று வருகிறது. உங்கள் தேவை இந்தத் தேர்தலில் நிறைவேறவில்லையா? கவலை வேண்டாம். அடுத்ததில் மறுபடி சொல்லலாம். சொல்லிக்கொண்டே இருக்கலாம். அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது!”

ஒரு மணி நேரம் பேசினார். வெயிலுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தார். தண்ணீரைத் தலைமையாசிரியரே கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் தேர்தலின் சுழற்சி முறைக்கு வந்தபோது அதிகாரியின் பேச்சு தடுமாறியது. கால் மாற்றி நின்றார். மைக்கை மூடிக்கொண்டு டீச்சரிடம் குனிந்தார்.

“மேடம், இங்க பாத்ரூம் எங்க?”

டீச்சர் பேனரைக் காட்டினார். கேலி எல்லாம் இல்லை. காட்டுவதற்கு அங்கே வேறெதுவும் இல்லை.

ஜீப் கிளம்பியது. மன்ற அரங்கு பதினைந்து நிமிடத் தூரம். போகும்போது அதிகாரி உதவியாளருக்கு உத்தரவு போட்டார். “நான் வர்ற வரைக்கும் வரிசை கலையக் கூடாது.”

பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. ஒட்டகம் வரிசையின் நடுவில் நின்றாள். முழங்கால்களைச் சேர்த்து வைத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. டீச்சர் அவளிடம் போனார்.

“இவளை மட்டும் அனுப்புறேன், தம்பி. எதிர்த்தெருவுக்குத்தான்.”

உதவியாளர் கையேட்டைத் திறந்தார். “வரிசையில நிக்கிறவங்க வெளிய போனா ஓட்டு போச்சு மேடம்.”

“போகட்டும்.”

“அப்படிச் சொல்லாதீங்க. ஒரு ஓட்டுதானேன்னு நினைக்கக் கூடாதுன்னு இப்பதான சார் பேசினாரு?”

டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். நாலடிதான் போயிருப்பார்கள். ஒட்டகம் நின்றுவிட்டாள். காலடியில் மண் நனைந்தது. இரண்டு வரிசைகளும் அதைப் பார்த்தன. அவளுக்குப் பெயர் வைத்த பையன்கள்கூடச் சிரிக்கவில்லை. டீச்சர் தன் துப்பட்டாவை எடுத்து அவள் இடுப்பில் கட்டினார்.

“நீங்க குடிக்கச் சொன்னீங்க டீச்சர்” என்றாள் அவள்.

அதிகாரி நாற்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அன்று அவர் பட்ட துன்பம் வீண் போகவில்லை. அடுத்த நாளே கோப்பு நகர்ந்தது. ‘தேர்தல் பணிக்கு வரும் அதிகாரிகளுக்கு இப்பள்ளியில் ஓய்வறை இல்லாதது ஜனநாயகக் கடமைக்குப் பெரும் இடையூறு’ என்று எழுதியிருந்தார். பதினோரே நாளில் மைதானத்தின் மூலையில் செங்கல் கட்டடம் எழுந்தது. உள்ளே வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, குழாய், கை கழுவும் தொட்டி. வெளியே பெரிய பூட்டு. சாவி மூன்றாவது மாடியில். கதவில் பலகை: ‘தேர்தல் அதிகாரிகள் மட்டும்’. பதிவேட்டில் எட்டு ஒன்பதானது.

பன்னிரண்டாம் நாள் ஒட்டகத்தின் அம்மா வந்தார். மாற்றுச் சான்றிதழ் படிவத்தைக் கையோடு பூர்த்தி செய்து கொண்டுவந்திருந்தார். மகள் பின்னால், வாசற்படியில் நின்றாள். இடுப்பில் கட்டிய துப்பட்டாவைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“கையெழுத்துப் போடுங்க டீச்சர். ஹெச்.எம். உங்களைக் கேக்கச் சொல்லிட்டாரு.”

டீச்சர் படிவத்தைப் பார்த்தார். ‘பள்ளியை விட்டு விலகக் காரணம்’ என்ற இடத்தில் அம்மா எதுவும் எழுதவில்லை.

“ஒரு நிமிஷம் அக்கா” என்றார்.

ஆய்வகம் என்று அழைக்கப்பட்ட அலமாரியிலிருந்து இரும்புத் தாங்கியை எடுத்தார். அடிப்பாகம் இரண்டு கிலோ எடை. மைதானத்தைக் கடந்து போனார். அவர் சத்தமாகப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. மூன்று அடியில் பூட்டு கழன்று விழுந்தது. எட்டாம் வகுப்பு ஜன்னலில் தலைகள் முளைத்தன.

“வா” என்றார் டீச்சர்.

ஒட்டகம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா உடைந்த பூட்டைப் பார்த்தார். பிறகு படிவத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“போடி, போ. டீச்சர் கூப்பிடுறாங்கல்ல.”

அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர், ஆறிலிருந்து ஒருத்தி, பிறகு எட்டிலிருந்து எல்லாப் பெண்களும் இறங்கி வந்து பின்னால் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை.

அப்போதுதான் ஜீப் வந்தது. அடுத்த தேர்தலுக்கு இடம் பார்க்க அதிகாரி வந்திருந்தார். பூட்டு தரையில் கிடப்பதைப் பார்த்தார். டீச்சர் கையில் இருந்த இரும்பைப் பார்த்தார்.

“யார் மேடம் உடைச்சது?”

“நான்தான் சார்.”

“இது தேர்தல் சொத்து! எந்தப் பிரிவுல உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம்னு தெரியுமா?”

“தெரியாது சார். நீங்களே எழுதிக்குங்க.”

“முதல்ல கதவைத் திறங்க. என்ன சேதம்னு நான் பார்க்கணும்.” அவர் கையை ஓங்கிக் கதவைத் தட்டப் போனார்.

டீச்சர் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

“தட்டாதீங்க சார். உள்ள ஆள் இருக்கு.”